ஆடலைக் காணும் நெறி

(அட்சய திருதியை விழாவில் தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அட்சய திருதியையன்று தானத்தின் பெருமையைப் பேசுவது மரபு. என்னையும் அதற்காகவே அழைத்தார்கள். எனினும் இன்று நடனத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறிவிட்டு, அவ்வழியாகவே தானத்திற்கு வந்து சேர எண்ணுகின்றேன். அதற்கொரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழா முடிந்து உணவருந்திக்கொண்டிருந்தபோது, நான் மிகவும் மதிக்கும் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து ஒரு வினாவை எழுப்பினார். "துறவைப் போற்றும் சமயம் நம்முடையது. ஐம்பொறிகளை அடக்கச் சொல்கிறோம். அப்படியிருக்க, நம் விழா மேடையில் நடனம் எதற்கு? பாராயணமும் உபதேசமும் போதாவா?" என்றார்.

அவ்வினாவில் நியாயம் இருந்தது. உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஓராண்டாக அதனை மனத்தில் சுமந்து திரிந்தேன். இன்று அவர் இந்த அவையில் இருக்கின்றார். அவருக்குச் சொல்லவேண்டிய விடையை உங்கள் அனைவரின் முன்னிலையிலும் சொல்லிப் பார்க்கின்றேன்.

நாம் இன்று கொண்டாடும் நிகழ்ச்சி எங்கிருந்து தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாற்றை ஆகாரமாக அளித்ததிலிருந்து தொடங்குகிறது என்போம். ஆனால் பகவான் உணவேற்க வந்தது துறவு பூண்டதனால். துறவு பூண்டது எதனால்? ஒரு நடனத்தைக் கண்டதனால். ஆதலின் அட்சய திருதியையின் தொடக்கம் அயோத்தி அரசவையில் நிகழ்ந்த ஓர் ஆடலில் இருக்கிறது.

ஜினசேனாசாரியரின் ஆதிபுராணமும், நம் முன்னோர் இல்லந்தோறும் படித்துவந்த ஸ்ரீபுராணமும் கூறும் வரலாறு நீங்கள் அறிந்ததே. ஆயினும் இளையவர்களுக்காக ஒருமுறை சொல்கின்றேன். விருஷபதேவரின் ஆயுள் 84 லட்சம் பூர்வம். அதில் 83 லட்சம் பூர்வம் கழிந்துவிட்டது. அறத்தை உலகிற்கு உணர்த்தவேண்டிய பெருமான் இன்னும் அரச போகத்திலேயே இருக்கின்றாரே என்று இந்திரன் கவலையுற்றான். நீலாஞ்சனை என்னும் தேவமங்கையை அவையில் ஆடுமாறு அனுப்பினான். அவளுடைய ஆயுள் முடியும் தருணம் நெருங்கியிருந்தது. அதனை அறிந்தே அவன் அவளைத் தேர்ந்தான்.

அவள் ஆடினாள். பாவமும் தாளமும் இசைந்து அவை மயங்கியிருக்கும் வேளையில் அவள் ஆயுள் வினை தீர்ந்தது. மின்னல் மறைவதுபோல உடல் மறைந்தாள். அக்கணமே இந்திரன் அவள் நின்ற இடத்தில் அவளைப் போன்ற மற்றோர் உருவை நிறுத்தினான். அதே அணிகலன், அதே அசைவு, அதே தாளம். காண்போரின் சுவை கலையக்கூடாது என்பது அவன் எண்ணம். அது நிறைவேறியது. அவையோர் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் தொடர்ந்து கண்டு களித்தனர். பெருமான் ஒருவர் மட்டுமே அறிந்தார். அறிந்தவுடன் அவர் உள்ளத்தில் நிலையாமை பற்றிய சிந்தனை எழுந்தது. பரதனுக்கு முடிசூட்டினார். பாகுபலிக்குப் போதனபுரத்தை அளித்தார். துறவு பூண்டார்.

வடமதுரையில் கங்காளி மேடு என வழங்கும் இடத்தில் அகழ்ந்தெடுத்த பழைய சிற்பப் பலகை ஒன்று லக்னோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய அச்சிற்பத்தில் ஒரு மங்கை ஆட, இசைப்போர் சூழ்ந்திருக்க, அரசன் அமர்ந்து காண்கின்றான். அது நீலாஞ்சனையின் நடனமே என்று அறிஞர்கள் அடையாளம் கண்டுள்ளனர். நம் சமயத்தார் கல்லில் வடிக்கத் தொடங்கிய காலத்திலேயே இந்த நடனத்தை மறவாமல் வடித்திருக்கின்றனர்.

இந்த வரலாற்றை நான் சிறுவனாக இருந்தபோது என் ஆயா சொல்லக் கேட்டேன். பின்னர்ப் பலமுறை படித்தேன், பிறருக்குச் சொன்னேன். எப்போதும் நிலையாமையைப் பற்றியதாகவே சொல்லி வந்தேன். ஆனால் அதில் காண்போரைப் பற்றிய பாடமும் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. அவளுக்கு அப்போது வயது பதினொன்று.

இந்தப் பகுதியில் உள்ள ஒரு மண்டபத்தில் அவள் பயிலும் நடன வகுப்பின் ஆண்டு விழா. பதினைந்து சிறுமியர் ஆடினர். நான் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, அவள் ஆடிய பதினெட்டு நிமிடங்களையும் பதிவு செய்தேன். கை வலித்தது. முன்னிருந்தவர் தலை மறைத்தபோதெல்லாம் சாய்ந்து சாய்ந்து எடுத்தேன். திரையில் அவள் உருவம் நடுவில் நிற்கிறதா, வெளிச்சம் போதுமா என்பதிலேயே என் கருத்து முழுவதும் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஓடி வந்தாள். "தாத்தா, என் சலங்கை அவிழ்ந்ததைப் பார்த்தீங்களா?" என்றாள். நான் பெருமிதத்தோடு, "எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா" என்றேன். அவள் முகம் சற்று வாடியது. "எடுத்தது இருக்கட்டும் தாத்தா. நீங்க பார்த்தீங்களா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. அன்றிரவு பதிவைப் போட்டுப் பார்த்தேன். இடக்கால் சலங்கையின் கட்டு அவிழ்ந்து, அது கணுக்காலிலிருந்து நழுவிப் பாதத்தின்மேல் விழுகிறது. ஒரு நொடி அவள் கண்களில் அச்சம் தெரிகிறது. பிறகு தாளம் விடாமல் அடவை முடித்து, திரும்பும்போது காலை மெல்ல உதறி, சலங்கையை மேடையோரத்திற்குத் தள்ளிவிட்டு, ஒற்றைக்கால் சலங்கையோடு மிகுதியையும் ஆடி முடிக்கிறாள். அவளது பதினொரு வயது வாழ்வில் அதைவிடத் துணிவான செயலை அவள் செய்ததில்லை. அதனை என் கைப்பேசி கண்டது. நான் காணவில்லை.

மறுநாள் அவளே ஒரு செய்தி சொன்னாள். "முன்வரிசையில் யாரோ ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க தாத்தா. சலங்கை விழுந்ததும் அவங்க என்னைப் பார்த்து, பரவாயில்லை, ஆடு என்கிற மாதிரி தலையை அசைச்சாங்க. அதனாலதான் நான் நிறுத்தலை." அந்த அம்மையார் யாரென்று எனக்குத் தெரியாது. அன்று அந்த மண்டபத்தில் என் பேத்திக்கு உண்மையில் உறவாக இருந்தவர் அவரே.

அன்றுதான் நீலாஞ்சனையின் வரலாறு எனக்கு வேறொரு முகத்தைக் காட்டியது. அயோத்தி அவையோருக்குக் கண் இல்லாமலில்லை. இசைஞானம் இல்லாமலுமில்லை. அவர்கள் சுவையைக் கண்டனர். ஆடிய உயிரைக் காணவில்லை. சுவை தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தமையால் உயிர் போனதும் தெரியவில்லை. பகவான் ஆடலையும் கண்டார், ஆடியவளையும் கண்டார். இந்திரன் அன்று நிறுத்திய மாற்றுருவம் எது? அதே தோற்றம், அதே அசைவு. ஆனால் அவள் அல்லள். இன்று நம் கைப்பேசியில் நாம் நிரப்பி வைத்திருக்கும் காணொளிகள் அத்தகைய மாற்றுருவங்களே. அவை தீயவை என்று நான் சொல்லவில்லை. அயலூரில் இருக்கும் உறவினருக்கு அவை பயன்படும். ஆனால் உயிருள்ள நீலாஞ்சனை கண்முன் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுருவைத் தேடுகின்றோமே, அதுதான் வருந்தத்தக்கது. பெருமான் அவதிஞானத்தால் அறிந்தார். நமக்கு அந்த ஞானம் இல்லை. இருக்கின்ற இரண்டு கண்களையாவது முழுமையாகத் திறக்கலாம் அல்லவா?

பெரியோர்களே, தமிழ்நூல்கள் காண்போரை எவ்வளவு உயர்வாக வைத்தன என்பதையும் சிறிது நோக்குவோம். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. அதற்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடகநூலின் கருத்தைக் காட்டுகின்றார். நடிப்பவர் செய்து காட்டுவது காண்பவரைச் சென்றடையும்போதே மெய்ப்பாடு நிறைவெய்துகிறது என்பது அதன் கருத்து. அதாவது மேடையில் இருப்பது பாதி. அவையில் இருப்பது மறுபாதி. காண்பவர் கவனம் சிதறினால் ஆடல் குறையாகவே நின்றுவிடும்.

சமணத் துறவி எனக் கொள்ளப்பெறும் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை மட்டும் விவரிக்கவில்லை. அரங்கின் அளவையும் விவரிக்கின்றார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் உடையது மேடை. மேற்பலகைக்கும் மேடைப் பலகைக்கும் இடையே 4 கோல். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகளை நிறுத்த வேண்டும் என்கிறார். இந்த ஏற்பாடு யாருக்காக? காண்பவரின் கண்ணுக்காக. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்ற ஒரு சிறுமியின் முகத்தில் ஒரு நிழலும் விழக்கூடாதென்று தூண் நிழலையும் விலக்கினர் நம் முன்னோர். நாமோ உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளால் பின்வரிசையில் இருப்போர்க்குப் புதிய நிழல்களை உண்டாக்குகின்றோம்.

அதே காப்பியம் பிழையாகக் காண்பவனையும் காட்டுகிறது. மாதவிக்கு அரசன் அளித்த சிறப்பு 1008 கழஞ்சு பொன். அவ்வளவு விலை பெறும் மாலையைக் கூனி நகரத் தெருவில் கொண்டு நிற்க, கோவலன் அதனை வாங்கி மாதவியை அடைகின்றான். ஆடலை அறிந்து மதிப்பதற்கும் ஆடியவளை உடைமையாக்கிக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அவனுக்குத் தெரியவில்லை. பின்னர் இந்திரவிழாவில் அவள் ஆட, ஊர் கண்டு மகிழ, அவன் மனம் மட்டும் ஊடல் கொள்கிறது. கடற்கரையில் அவள் பாடிய பாட்டைப் பாட்டாகக் கேட்காமல் தன்மேல் எய்த அம்பாகக் கேட்கின்றான். பிரிந்து போகின்றான். அதன்பின் மதுரையில் நிகழ்ந்தது உலகறிந்தது. ஒருவன் கலையைத் தன் பற்றின் வழியாக மட்டுமே கண்டதன் விளைவு இத்தனை பெரிதாயிற்று.

ஒரு பக்கம் பற்றினால் கண்ட கோவலன். மறுபக்கம் பற்று நீங்கக் கண்ட விருஷபதேவர். இருவரும் கண்டது ஆடலையே. ஆகவே, பெரியவர் அவர்களே, தங்கள் வினாவுக்கு என் முதல் விடை இது: குற்றம் ஆடலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. குணமும் அங்ஙனமே.

இரண்டாவது விடையை நம் ஆலயங்கள் சொல்கின்றன. சமவசரணத்தை வருணிக்கும் நூல்கள், வாயிலைக் கடந்து செல்லும் வீதியின் இரு மருங்கிலும் நாடகசாலைகள் இருந்தன என்கின்றன. பகவான் எழுந்தருளியிருக்கும் கந்தகுடி அவற்றைக் கடந்து நெடுந்தூரம் உள்ளே இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல் குடைவரைக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். முன்மண்டபத் தூண்களில் இரு நடன மங்கையர் ஓவியங்கள் உள்ளன. பாண்டியன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. ஆடும் மங்கையர் இருவருக்கும் இடையே நடந்துதான் நாம் உள்ளே வீற்றிருக்கும் தீர்த்தங்கரரை அடைகின்றோம். மேலே நோக்கினால் தாமரைத் தடாகம். அதில் பவ்வியர்கள் மலர் பறிக்கின்றனர்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் தாம்பரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்று திரும்பும் தொலைவே. அங்கே திரைலோக்கியநாதர் ஆலயத்தில் உள்ள மண்டபத்தின் பெயரே சங்கீத மண்டபம். விசயநகர அமைச்சர் இருகப்பர் தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் விருப்பப்படி 1387-88-இல் அதனைக் கட்டுவித்தார். ஒரு துறவி சொல்லி, ஓர் அமைச்சர் கட்டிய மண்டபம் அது. அதன் விதானத்தில் பிற்காலத்தில் தீட்டிய ஓவியங்களில் ஆதிநாதரின் வரலாறும் இடம்பெறுகிறது. அடுத்தமுறை குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது தரையில் அமர்ந்து மேலே நோக்கச் சொல்லுங்கள்.

ஆகவே நம் முன்னோர் ஆடலை வாயிலுக்கு வெளியே தள்ளவும் இல்லை. கருவறையில் வைக்கவும் இல்லை. வீதியின் ஓரத்தில் வைத்தனர். அதனைக் காணலாம், மகிழலாம், அங்கேயே தங்கிவிடாமல் உள்ளே செல்ல வேண்டும். விருஷபதேவர் செய்ததும் இதுவே.

மூன்றாவது விடை இன்னும் நுட்பமானது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியர் சமயசாரம் அருளினார். அதற்கு அமிருதசந்திராசாரியர் எழுதிய வடமொழி உரையைக் கற்றோர் ஒரு வியப்பை அறிவர். அவர் அந்நூலையே ஓர் ஆடரங்காக அமைத்துவிட்டார். உயிரும் உயிரல்லாததும் ஒன்றுபோல வேடம் பூண்டு மேடையில் நுழைகின்றன. வினைகள் வேடமிட்டு வருகின்றன. அறிவாகிய பார்வையாளன் வேடத்தைக் கண்டு, இது இன்னது என உணர்ந்தவுடன், அவை வேடம் கலைந்து வெளியேறுகின்றன. ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் இவ்வாறே. காண்பதும் அறிவதும் உயிரின் இயல்பு என்பது நம் கொள்கை. மும்மணிகளுள் முதலாவதற்கு நம் தமிழ் முன்னோர் இட்ட பெயர் நற்காட்சி. அச்சொல் மெய்ப்பொருளில் வைக்கும் தெளிவான நம்பிக்கையைக் குறிக்கும். வெறும் கண்பார்வையை அன்று. ஆயினும் அதற்குக் காட்சி என்னும் சொல்லைத் தேர்ந்தனரே, அது தற்செயலா? ஒன்றை உள்ளவாறு காணும் பழக்கம் சிறியவற்றில் தொடங்கிப் பெரியவற்றில் முடிகிறது.

இனி நம் காலத்திற்கும் நம் ஊருக்கும் வருவோம். கோயில்களிலும் அவைகளிலும் இசை வேளாளர் மரபினர் போற்றிவந்த ஆடல், சென்ற நூற்றாண்டில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1931 மார்ச்சில் சென்னை சங்கீத வித்வத் சபை கல்யாணி அம்மாளின் புதல்வியரை ஆடச் செய்தபோது, நடனத்தைச் சபையில் காணலாமா என்பதே நகரத்தின் வினாவாக இருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931-இல்தான். ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரம் பின்னர்த் திருவான்மியூருக்கு வந்தது. அப்படி, ஆடல் நம் புறநகருக்கு அருகே வந்தது. ரயில் நம்மை ஆடலுக்கு அருகே கொண்டு சென்றது.

நான் இளைஞனாக இருந்தபோது மார்கழியில் மயிலாப்பூர்ச் சபைகளுக்குச் செல்வேன். கடைசி ரயிலைப் பிடிக்கவேண்டுமென்று தில்லானாவுக்கு முன்பே எழுந்து போனவர்களில் நானும் ஒருவன். நெடுநேரம் ஆடிக் களைத்த ஒருவர் இறுதியாகத் தன் முழு வலிமையையும் திரட்டி ஆடத் தொடங்கும் நேரத்தில், நாற்காலிகள் கிரீச்சிட நாங்கள் வெளியேறுவோம். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்று எண்ணவில்லை. உயிர்களுக்குச் சிறு துன்பமும் செய்யாமை நம் விரதம் என்கிறோம். எறும்பை மிதிக்க அஞ்சுகின்ற நாம் அந்த ஓசையை எண்ணிப் பார்த்தோமா?

நடனம் தெரியாதவர் எப்படிக் காண்பது என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்புலமை வேண்டியதில்லை. தஞ்சை நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியதாகக் கூறும் வரிசைதான் இன்றும் பெரும்பாலும் மேடையில் நிகழ்கிறது. அலாரிப்பில் உடல் மலர்கிறது. ஜதிசுரத்தில் இசையோடு இணைகிறது. சப்தத்தில் முதன்முதலாகச் சொல்லும் பொருளும் வருகின்றன. வர்ணத்தில் இவை யாவும் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட சோதனையாகின்றன. பதத்தில் கால்கள் அடங்கி முகம் பேசுகிறது. தில்லானாவில் மீண்டும் மகிழ்ச்சி. இந்த வரிசை தெரிந்தாலே, எங்கே காலைக் காண்பது, எங்கே கண்ணைக் காண்பது என்பது விளங்கும். ஆடுவோரின் கண்ணும் மனமும் கையைத் தொடர வேண்டும் என்பது அபிநய தர்ப்பணத்தின் நெறி. காண்பவரின் கண்ணும் அவ்வழியே சென்றால் போதும்.

பதத்தில் ஒரே அடியைப் பலமுறை பாடுவர். பாலசரசுவதி அம்மையார் அவ்வாறு ஒரே அடிக்கு வெவ்வேறு பொருள் விரித்துக் காட்டுவதில் நிகரற்றவராக விளங்கினார். 1973-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பாட்டு திரும்ப வரும்போது, பார்த்ததுதானே என்று நாம் அயர்ந்துவிட்டால் இழப்பு நம்முடையது. சொல் அதுவே, பொருள் அது அன்று. கணந்தோறும் பரியாயங்கள் மாற, பொருள் நிலைத்திருக்கிறது என்று நம் தத்துவம் கூறுவதைக் கண்ணால் காண விரும்புவோர் பதத்திற்கு ஆடும் ஒருவரின் முகத்தைக் கால்மணி நேரம் கண்டால் போதும்.

கண்டபின் என்ன செய்வது? கைதட்டுவது எளிது. குழந்தையிடம் "நன்றாக இருந்தது" என்பதும் எளிது. அதைவிட எளிது, "அந்தப் பெண் உன்னைவிட நன்றாக ஆடினாள்" என்பது, அது கொடியதும்கூட. நிறத்தையும் உடலையும் பற்றிப் பேசுவதும் அத்தகையதே. என் வேண்டுகோள் ஒன்றே. ஆடிய குழந்தையிடம் நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். "மயில் திரும்பியபோது உன் கழுத்து மயிலாகவே இருந்தது அம்மா" என்று சொல்லுங்கள். அல்லது "இரண்டாம் முறை தாளம் தப்பியது, மூன்றாம் முறை நீயே பிடித்துக்கொண்டாய்" என்று சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லவேண்டுமானால் ஒன்றையாவது கண்டிருக்க வேண்டும். அக்குழந்தை தான் காணப்பட்டதை உணரும். அதைவிடப் பெரிய பரிசை நாம் அதற்குத் தர இயலாது.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு முதல் ஒருவரை மட்டும் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அமர்த்துங்கள். அப்பதிவை எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பிவிடலாம். மற்றவர்கள் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் காணட்டும். முதலில் வைப்பவன் நானாக இருப்பேன். கடைசிக் குழந்தை ஆடி முடித்த பிறகே உணவுக்கூடத்தின் கதவைத் திறக்கவும் வேண்டுகின்றேன். இறுதியில் ஆடும் குழந்தை வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியதை இம்மண்டபத்தில் நாம் பலமுறை கண்டுவிட்டோம்.

இனித் தானத்திற்கு வருகின்றேன். துறவு பூண்ட பகவான் ஆறு மாதம் யோகத்தில் நின்றார். பிறகு ஆகாரத்திற்காக ஊர்தோறும் நடந்தார். மக்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். யானைகளைக் கொணர்ந்தனர், மணிகளைக் கொணர்ந்தனர், ஆடைகளை நீட்டினர். அவர்கள் கண்டது தங்கள் பழைய அரசரை. எதிரில் நின்ற முனிவரை ஒருவரும் காணவில்லை. ஆதலின் அவருக்கு வேண்டியது என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாதங்கள் கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் பகவானைக் கண்டான். முற்பிறவி நினைவு எழுந்தது. முனிவருக்கு எப்படி ஆகாரம் அளிப்பது என்று உணர்ந்தான். இருந்தது கருப்பஞ்சாறு. அதனை ஏந்தி நின்றான்.

அயோத்தியில் ஒரு நடனத்தை அவை முழுவதும் நோக்கியது, ஒருவர் கண்டார். அதனால் துறவு பிறந்தது. பின்னர் ஒரு முனிவரை நாடு முழுவதும் நோக்கியது, ஒருவன் கண்டான். அதனால் தானம் பிறந்தது. இன்று நாம் அருந்தும் கருப்பஞ்சாறு இந்த இரு காட்சிகளின் பயனே. முதலில் எதிரில் இருப்பவரைக் காணவேண்டும். கண்டால்தான் அவருக்கு வேண்டியதை அளிக்க இயலும்.

பெரியவர் அவர்களே, நம் விழாவில் நடனம் எதற்கு என்று கேட்டீர்கள். நம் குழந்தைகள் ஆடக் கற்பதற்காக மட்டும் அன்று. நாம் காணக் கற்பதற்காக என்று விடை கூறுகின்றேன். இந்த விடை தங்களுக்கு நிறைவளிக்காவிட்டால் உணவு வேளையில் மீண்டும் கேளுங்கள். இன்னும் ஓராண்டு சிந்திக்கின்றேன்.

என் பேத்தி இன்று ஆடினாள். இருமுறை தாளம் பிசகியது. ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இதற்கு என்னிடம் பதிவு எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

எல்லா உயிர்களும் இன்புறுக. ஜைனம் ஜயது சாசனம்.